ஸ்கானில் ஒன்றுமில்லை என்றால் நோவும் இல்லையா? சாய மருந்தும் நாட்பட்ட வலியும்

“ஸ்கான் கிளியர். ஒண்டுமில்லை.”

யுத்தத்தைக் கடந்து வந்த எமது ஊர்களில் இந்த வசனத்தைக் கேட்காத வீடு குறைவு. வைத்தியருக்கு அது ஒரு நல்ல செய்தி. புற்றுநோய் இல்லை, எலும்பு முறிவு இல்லை, முள்ளந்தண்டை எதுவும் நெரிக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். ஆனால் பத்து, இருபது வருடங்களாக நாரி நோவோடு எழும்பிப் படுப்பவருக்கு அது வேறு விதமாகக் கேட்கிறது. உனக்கு வருத்தமே இல்லை, நீ சொல்வதில் உண்மை இல்லை என்று சொல்வதைப் போல.

கற்பிட்டிக் குடாநாட்டின் ஆலங்குடாவில் இந்தக் கேள்வியை நான் பலரிடம் கேட்டேன். ஒரு பக்கம் இந்து சமுத்திரம், மறுபக்கம் புத்தளம் களப்பு, நடுவில் மணல் காணிகளும் வெங்காயத் தோட்டங்களும் உள்ள இடம் இது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் ஒரு பகுதியினர் இங்கே ஓலைக் குடிசைகளில் குடியேறினார்கள். வடக்கிலிருந்து அவ்வாறு வெளியேற்றப்பட்டவர்களின் தொகை சுமார் 75,000 என்று பரவலாக மதிப்பிடப்படுகிறது. மன்னாரிலிருந்து பலர் கடல் வழியாகக் கற்பிட்டிக் கரைக்கு வந்தார்கள். முகாம்கள் பின்னர் கிராமங்களாகின. அந்தப் பயணத்தில் சுமந்தவையும், பிறகு கூலித் தோட்டங்களில் குனிந்து நிமிர்ந்ததும் பலரின் உடம்பில் நோவாகத் தங்கிவிட்டன.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் எனக்குத் தன் எம்.ஆர்.ஐ. படங்களைக் காட்டினார். பெரிய மஞ்சள் உறையில், கிளினிக் கொப்பியோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார். “டை அடிச்சும் எடுத்தாங்க தம்பி. அதிலயும் ஒண்டும் தெரியல்லயாம். அப்ப இந்த நோ எங்க இருந்து வருது?” என்று கேட்டார்.

நான் வைத்தியன் அல்ல. ஊடகக் கற்கையில் பட்டம் பெற்றவன். ஒரு படம் எதைக் காட்டுகிறது, எதைத் தன் சட்டகத்துக்கு வெளியே விட்டுவிடுகிறது என்று பார்ப்பதுதான் நான் கற்ற பாடம். அந்தப் பாடத்தோடு வைத்தியப் படங்களைப் பற்றி வாசித்தும் கேட்டும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

சாய மருந்து என்ன செய்கிறது?

சாதாரண எக்ஸ்ரே படத்தில் எலும்பு வெள்ளையாகத் தெரியும். தசையும் இரத்தக் குழாயும் நரம்பும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒன்றை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டக் கொடுக்கப்படும் பொருளைத்தான் நாம் ‘டை’ அல்லது சாய மருந்து என்கிறோம். உண்மையில் அது எதற்கும் நிறம் பூசுவதில்லை. படம் எடுக்கும் கருவிக்கு வேறுபாட்டைக் கூட்டிக் காட்டுவதே அதன் வேலை.

எக்ஸ்ரே, சி.ரி. ஸ்கான் ஆகியவற்றுக்கு அயடீன் கலந்த மருந்து ஊசி மூலம் ஏற்றப்படுகிறது. அயடீன் பாரமான அணு என்பதால் எக்ஸ் கதிரை அதிகம் உறிஞ்சும். ஆகவே அது ஓடும் இரத்தக் குழாய் பளிச்சென்று தெரியும். குடல் படத்துக்குக் குடிக்கக் கொடுக்கும் வெள்ளைக் கரைசல் பேரியம். எம்.ஆர்.ஐ. இயந்திரம் எக்ஸ் கதிரைப் பாவிப்பதில்லை. பலமான காந்தப் புலத்தில் எமது உடம்பின் நீரிலுள்ள ஐதரசன் அணுக்கள் தரும் சமிக்ஞையிலிருந்து படத்தை உருவாக்குகிறது. அங்கே கடோலினியம் என்ற உலோகத்தின் சேர்மம் கொடுக்கப்படுகிறது. கடோலினியம் அருகிலுள்ள நீர் அணுக்களை விரைவாகப் பழைய நிலைக்குத் திரும்பச் செய்வதால், அது சேரும் இடம் படத்தில் வெளிச்சமாகிறது. அழற்சி உள்ள இடம், கட்டி, புதிய தழும்பு போன்றவற்றில் அது கூடுதலாகச் சேரும்.

நோவுக்கு இது எங்கே உதவும்? நாரியில் சத்திரசிகிச்சை செய்தவருக்கு மீண்டும் கால் வரை நோ இழுத்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். இடைத்தட்டு மறுபடி பிதுங்கி நரம்பை அமுக்கலாம், அல்லது பழைய வெட்டின் தழும்புத் திசு நரம்பைச் சுற்றியிருக்கலாம். சாதாரண எம்.ஆர்.ஐ. படத்தில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியக்கூடும். கடோலினியம் கொடுத்தால் இரத்தோட்டமுள்ள தழும்பு வெளிச்சமாகும். பிதுங்கிய தட்டு ஆரம்பப் படங்களில் இருட்டாகவே இருக்கும். ஒன்றுக்கு மீண்டும் சத்திரசிகிச்சை உதவலாம். மற்றதற்கு அது பெரும்பாலும் உதவாது. கிருமித் தொற்று, கட்டி என்ற சந்தேகங்களிலும் சாய மருந்து இதேபோலப் பயன்படும்.

ஆகவே ‘டை அடித்தும் ஒன்றுமில்லை’ என்றால், கட்டி, தொற்று, வெளிச்சமாகும் அழற்சி போன்றவை அந்தப் படத்தில் காணப்படவில்லை என்றுதான் பொருள். நோ இருக்கிறதா இல்லையா என்று அந்தப் படத்திடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதனால் பதில் சொல்ல முடியாது.

நோவைத் தீர்க்கப் போய்க் கிடைத்த படம்

சாய மருந்துக்கும் நோவுக்கும் பழைய தொடர்பு உண்டு. எக்ஸ் கதிரை 1895 நவம்பரில் ரொன்ட்ஜன் கண்டுபிடித்தார். சில வாரங்களில், 1896 ஜனவரியில், வியன்னாவில் இருவர் உடலிலிருந்து துண்டிக்கப்பட்ட ஒரு கையின் குழாய்களுக்குள் பாதரசச் சேர்மம் கலந்த கரைசலை ஏற்றி இரத்தக் குழாய்களைப் படமெடுத்தார்கள். உயிருள்ளவருக்கு அதை ஏற்ற முடியாது. நஞ்சில்லாத பொருளைத் தேடும் பயணம் அங்கிருந்து தொடங்கியது.

1901இல் பிரான்சில் கசகசா எண்ணெயோடு அயடீனைச் சேர்த்து ‘லிப்பியோடோல்’ என்ற மருந்து செய்யப்பட்டது. 1920களின் தொடக்கத்தில் சிக்கார், ஃபொரெஸ்டியே என்ற இரு பிரெஞ்சு வைத்தியர்கள் நாரி நோவையும் காலுக்கு இழுக்கும் நோவையும் ஆற்றுவதற்காக அதை முதுகில் ஊசியாக ஏற்றினார்கள். எக்ஸ்ரேயில் அந்த எண்ணெய் தெளிவாகத் தெரிவதைக் கண்டபோதுதான், முள்ளந்தண்டுக் கால்வாயைப் படமெடுக்கும் முறை பிறந்தது. நோவுக்கான மருந்தாகப் போனது, படத்துக்கான மருந்தாக மாறியது.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பின்னர் அதே வேலைக்காக ‘மயோடில்’, ‘பன்ரோபேக்’ என்ற பெயர்களில் வேறோர் எண்ணெய் வகை மருந்து 1940களிலிருந்து பல நாடுகளில் பாவிக்கப்பட்டது. அது உடம்பிலிருந்து இலகுவில் வெளியேறுவதில்லை. சிலருக்கு முள்ளந்தண்டைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் அழற்சியை ஏற்படுத்தி, நரம்பு வேர்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்தது. நாரி நோவுக்குக் காரணம் தேடப் போனவர்களில் ஒரு பகுதியினர் ஆயுள் முழுவதும் தீராத நோவோடு திரும்பினார்கள். 1980களின் இறுதியில் அது பாவனையிலிருந்து மறைந்தது. நீரில் கரைந்து சிறுநீரோடு வெளியேறும் மருந்துகள் அந்த இடத்துக்கு வந்தன. சாய மருந்து கொடுக்கும்போது ‘இது எனக்கு ஏன் தேவை?’ என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல என்பதற்கு இந்த வரலாறே போதும்.

நோவையே படமெடுக்க முடியுமா?

வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட அதே 1990ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி, எமது இரத்தமே ஒரு சாய மருந்தாக வேலை செய்ய முடியும் என்று எலிகளில் காட்டினார். ஒட்சிசனை இழந்த ஹீமோகுளோபின் சற்றுக் காந்தத் தன்மை உடையது. ஒட்சிசன் நிறைந்தது அப்படியல்ல. மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே புதிய இரத்தம் பாயும். அந்த வேறுபாட்டை எம்.ஆர்.ஐ. பிடித்துவிடும். 1991இல் வேறொரு குழு கடோலினியத்தை ஏற்றி, மனித மூளை வேலை செய்வதைப் படமாக்கியது. 1992க்குள் ஊசியே இல்லாமல், இரத்தத்தை வைத்தே அதைச் செய்ய முடிந்தது. நோ பற்றிய மூளை ஆய்வுகளில் பெரும்பகுதி இன்று இந்த முறையில்தான் நடக்கிறது.

2013இல் ரோர் வேகர் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு, சூட்டினால் வரும் நோவின்போது மூளையில் தோன்றும் ஒரு பொதுவான கோலத்தைக் கண்டதாக அறிவித்தது. ‘நோவின் கையொப்பம்’ என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் அது ஆரோக்கியமான ஆட்களின் கையில் சில விநாடிகள் சூடு வைத்துச் செய்த ஆய்வு. இருபது வருட நாரி நோவு அப்படியானது அல்ல. நாட்பட்ட நோவில் கவலை, ஞாபகம், நித்திரை, பயம் ஆகியவற்றைக் கையாளும் மூளைப் பகுதிகளும் கலந்துகொள்கின்றன.

அடுத்த வழி, கதிரியக்கச் சுவட்டுப் பொருள். இது கடோலினியம் போன்ற சாய மருந்து அல்ல. மிகச் சிறிய அளவு கதிரியக்கமுள்ள ஒரு மூலக்கூறை ஏற்றி, அது உடம்பில் எங்கே போய் ஒட்டுகிறது என்று பெற் ஸ்கானில் பார்ப்பார்கள். 2015இல் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் பொது வைத்தியசாலையைச் சேர்ந்த மார்கோ லொஜியாவின் குழு, நாட்பட்ட நாரி நோவு உள்ளவர்களின் மூளையில் தலமஸ் என்ற பகுதியில் இந்தச் சுவடு கூடுதலாகச் சேருவதைக் கண்டது. நரம்புக் கலங்களுக்குத் துணையாக இருக்கும் கிளியா என்ற கலங்கள் அங்கே விழித்துக்கொண்டிருப்பதன் அடையாளமாக அதை எடுத்துக்கொண்டார்கள். சிறு எண்ணிக்கையானவர்களிடம் செய்த ஆய்வுதான். ஆனாலும் முதுகுப் படத்தில் எதுவும் தெரியாதபோதும் நோவுக்கு உடம்பில் தடயம் இருக்கலாம் என்பதை அது காட்டியது.

ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் சந்தீப் பிஸ்வால் என்ற கதிரியல் வைத்தியரின் குழு, நோ உற்பத்தியாகும் இடத்தையே தேடியது. காயப்பட்ட நரம்புகளில் கூடும் ஒரு வகை ஏற்பியில் ஒட்டும் சுவட்டைப் பாவித்து, நாட்பட்ட முழங்கால் நோவு இருந்த ஒரு பெண்ணுக்குப் படமெடுத்தார்கள். சுவடு சேர்ந்த இடத்தில் சிகிச்சை செய்ததும் நோ தணிந்தது என்று 2018இல் அறிக்கையிட்டார்கள். ஒரே ஒரு நோயாளியின் கதை அது. பெரிய ஆய்வுகளில் நிறுவப்படும் வரை, இதை நம்பி யாரும் காணியை ஈடு வைத்து வெளிநாடு போகத் தேவையில்லை.

இல்லாத காலின் நோவு

ஷெல்லிலும் மிதிவெடியிலும் காலை இழந்தவர்களில் பலர் இல்லாத காலின் பெருவிரல் எரிகிறது, பாதம் முறுகுகிறது என்று சொல்வார்கள். கேட்பவர்கள் சிரித்துவிடக்கூடும் என்று சொல்லாமலே விடுபவர்களும் உண்டு. அந்தக் காலைப் படமெடுக்க முடியாது, கால் இல்லை. ஆனால் நோ இருக்கிறது. 1995இல் ஹெர்ட்டா ஃப்ளோர் என்ற ஜேர்மன் ஆய்வாளரின் குழு, கையிழந்தவர்களின் மூளையில் அந்தக் கைக்குரிய இடம் எவ்வளவு மாறியிருக்கிறதோ அவ்வளவுக்கு நோவும் கூடுவதாகக் கண்டது. 2013இல் ஒக்ஸ்போர்டில் தாமார் மேக்கினின் குழு, இழந்த கைக்குரிய இடம் மூளையில் இன்னும் அப்படியே விழித்திருப்பதாகக் காட்டியது. இரண்டும் முழுதாக ஒத்துப்போவதில்லை. விவாதம் தொடர்கிறது. ஆனால் நோ இருக்கிறதா என்பது அந்த விவாதத்தில் இல்லை. தமிழகத்தில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் அறிமுகப்படுத்திய கண்ணாடிப் பெட்டிப் பயிற்சியில், இருக்கும் காலின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்தபடி அசைப்பார்கள். எல்லோருக்கும் பலன் தருவதில்லை. சிலருக்குத் தணிவு தருகிறது. செலவு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடிதான்.

படம் சாட்சியாகும்போது

எமது மக்களுக்கு நோவின் படம் மருத்துவ விடயம் மட்டுமல்ல. தடுப்பில் அடிபட்டவர், சித்திரவதைக்குள்ளானவர், வெளிநாட்டில் அகதி அந்தஸ்துக் கேட்பவர் ஆகியோரிடம் ‘ஆதாரம் எங்கே?’ என்று கேட்கப்படுகிறது.

இங்கே சுவட்டுப் பொருளுக்கு ஒரு முக்கியமான வரலாறு உண்டு. டெக்னீசியம்-99எம் என்ற பொருளை ஏற்றினால், எலும்பு தன்னைத் திருத்திக்கொண்டிருக்கும் இடங்களில் அது கூடுதலாகச் சேரும். அதன் கதிரியக்கம் ஆறு மணித்தியாலத்தில் பாதியாகக் குறைந்துவிடும். எக்ஸ்ரேயில் தெரியாத எலும்புக் காயத்தை இந்தப் படம் காட்டக்கூடும். 1991இல் துருக்கிய வைத்தியர்கள், முன்பு நடந்த சித்திரவதைக்கு எலும்பு ஸ்கான் ஒரு தடயமாகலாம் என்று ‘லான்செற்’ மருத்துவ இதழில் எழுதினார்கள். 1999இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமை உயர் ஸ்தானிகரிடம் கையளிக்கப்பட்ட இஸ்தான்புல் நெறிமுறை, சித்திரவதையை ஆவணப்படுத்தும் பரிசோதனைகளில் இதையும் சேர்த்தது. அதே நெறிமுறை இன்னொன்றையும் சொல்கிறது. பரிசோதனையில் எதுவும் தெரியாததை வைத்துச் சித்திரவதை நடக்கவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. பல சித்திரவதைகள் தடயம் விடாத விதமாகவே செய்யப்படுகின்றன.

தடயம் இருந்தும் நம்பாத சந்தர்ப்பங்களும் உண்டு. பிரித்தானியாவில் அகதி அந்தஸ்துக் கேட்ட ஓர் இலங்கைத் தமிழரின் உடம்பில் சூட்டுத் தழும்புகள் இருந்தன. அவரே வேறொருவரைக் கொண்டு அதைச் செய்வித்திருக்கலாம் என்று கீழ் மன்றில் சந்தேகிக்கப்பட்டது. 2019 மார்ச்சில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்து, வழக்கைத் திரும்ப விசாரிக்கும்படி உத்தரவிட்டது. இஸ்தான்புல் நெறிமுறையின்படி, தழும்புகள் அவரது கதையோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று வைத்தியர் கருத்துச் சொல்லலாம் என்றும், ஒருவர் தன்னைத் தானே அப்படிச் சுடவைப்பது மிக அரிதாகவே இருக்கும் என்றும் அது கூறியது.

மூளைப் படத்தையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாமா என்ற கேள்வி எழுந்தது. வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் அமைத்த குழு 2017இல் தெளிவாகப் பதில் சொன்னது: ஒருவருக்கு நாட்பட்ட நோ இருக்கிறது என்றோ இல்லை என்றோ நிரூபிக்க மூளைப் படத்தைப் பாவிக்கும் அளவுக்கு அறிவியல் முன்னேறவில்லை. இந்தப் பதில் எமக்குச் சாதகமானது. நோவை நிரூபிக்கும் இயந்திரம் வந்தால், நோவை மறுக்கும் இயந்திரமும் அதுவேதான்.

படத்தில் தெரிவது எல்லாம் நோவா?

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, நாரி நோவே இல்லாதவர்களின் ஸ்கான் படங்களை ஆராய்ந்தது. 20 வயதினரில் 37 வீதமானோருக்கும் 80 வயதினரில் 96 வீதமானோருக்கும் இடைத்தட்டுத் தேய்வு இருந்தது. அவர்களுக்கு நோவில்லை. தலைமயிர் நரைப்பதைப் போல முள்ளந்தண்டும் வயதோடு மாறுகிறது. ஆகவே அறிக்கையில் ‘தேய்வு’ என்று கண்டவுடன் அதுதான் காரணம் என்று பயந்து படுக்கையில் கிடக்கத் தேவையில்லை.

2011இல் புத்தளம் மாவட்டத்தில் இடம்பெயர்ந்து வாழ்ந்த முஸ்லிம்கள் 450 பேரிடம் செஸ்மல் சிறிவர்த்தனவும் சகாக்களும் ஓர் ஆய்வைச் செய்து 2013இல் வெளியிட்டார்கள். 18.8 வீதமானோருக்குப் பொதுவான உளநலப் பாதிப்புகளில் ஏதாவது ஒன்று இருந்தது. அதில் மிகக் கூடியது, உடம்பில் வருத்தமாகத் தெரிந்தும் பரிசோதனையில் காரணம் பிடிபடாத நிலை: 14 வீதம். பெரும் மனச்சோர்வு 5.1 வீதம். அதாவது, இந்தக் கரையில் இருபது வருட இழப்பு பெரும்பாலும் அழுகையாக வெளிவரவில்லை. நாரி நோவாக, தலையிடியாக, நெஞ்சு இறுக்கமாக, கைகால் உளைவாக வெளிவந்தது.

இதை ‘மனதில்தான் வருத்தம், உடம்பில் இல்லை’ என்று வாசிப்பது தவறு. நோ எப்போதும் நரம்பு மண்டலத்தில்தான் உருவாகிறது. நீண்ட பயமும் நித்திரையின்மையும் இழப்பும் அந்த மண்டலத்தைக் கூர்மையாக்குகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2022இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில், மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் நோ தனி வருத்தமாகவே பெயர் பெற்றுள்ளது. வேறு நோயின் அறிகுறியாக இல்லாமல், தானே நோயாக இருக்கும் நோவும் அதில் உண்டு. 2020இல் திருத்தப்பட்ட சர்வதேச வரைவிலக்கணமும், தனக்கு நோகிறது என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்கிறது.

ஸ்கானுக்குப் போகுமுன்

ஆலங்குடாவிலிருந்து கொழும்புக்குச் சுமார் 150 கிலோமீற்றர். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும். அங்கே எல்லாம் அவசரம். அதனால் போகுமுன் தெரிந்திருக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

உடம்பில் ஷெல் துண்டோ சன்னமோ இருந்தால், எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகுமுன் கட்டாயம் சொல்லுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். இயந்திரம் ஒரு பெரிய காந்தம். இரும்புத் துண்டை அது அசைக்கலாம். கண்ணுக்குள் இருந்த சிறு இரும்புத் துகள் எம்.ஆர்.ஐ.யில் அசைந்து ஒருவர் பார்வையை இழந்த சம்பவம் 1986இல் மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக் குழாய் ஆகியவற்றுக்கு அருகில் துண்டு இருந்தால் ஆபத்து அதிகம். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது வழக்கம். எல்லா உலோகமும் காந்தத்தால் இழுபடுவதில்லை என்பதால், துண்டு இருக்கும் எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. தடை என்றும் இல்லை. முடிவு கதிரியல் வைத்தியருடையது. தகவல் உங்களிடம் இருக்கிறது. தடுப்பிலும் முகாமிலும் வாழ்ந்த காலத்தில் காயத்தைச் சொல்லாமல் மறைக்கப் பழகியவர்கள் பலர். இந்த ஓர் இடத்தில் மறைக்க வேண்டாம்.

சிறுநீரக வருத்தம் இருந்தால் சொல்லுங்கள். கடோலினியம் முதன்முதலில் 1988இல் அனுமதிக்கப்பட்டது. 2006இல், சிறுநீரகம் மோசமாகப் பழுதானவர்களில் சிலருக்கு அது தோலையும் மூட்டுகளையும் இறுகவைக்கும் கடும் நோயோடு தொடர்புபட்டிருப்பது தெரியவந்தது. பழைய ‘நேர்கோட்டு’ வகை மருந்துகளில் உலோகம் இலகுவில் பிரிகிறது. ‘வளைய’ வகை அதை இறுக்கமாகப் பிடித்திருக்கிறது. சிறிதளவு கடோலினியம் மூளையில் தங்குவதை 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதனால் தீங்கு வந்ததாக நிறுவப்படவில்லை. ஆயினும் 2017இல் ஐரோப்பிய மருந்து முகவரகம் பல நேர்கோட்டு வகைகளை நிறுத்தியது. வடமத்திய மாகாணத்தில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவியுள்ள நாடு எமது நாடு. கிரியாற்றினின் இரத்தப் பரிசோதனை அறிக்கை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

சீனி வருத்தத்துக்கு மெற்ஃபோமின் குளிசை பாவிப்பவர்கள், அயடீன் சாய மருந்துக்கு முன் அதைச் சொல்ல வேண்டும். சிறுநீரகம் பழுதாக இருந்தால் சில நாட்கள் நிறுத்தச் சொல்வார்கள். தானாக நிறுத்த வேண்டாம்.

கரையோரத்தில் பரவியிருக்கும் ஒரு நம்பிக்கை, இறால் ஒத்துக்கொள்ளாதவருக்கு அயடீன் ஊசி கூடாது என்பது. இது சரியல்ல. இறால் ஒவ்வாமை அதன் புரதத்தால் வருவது, அயடீனால் அல்ல. முன்பு சாய மருந்தே ஒத்துக்கொள்ளாமல் தடிப்போ மூச்சுத் திணறலோ வந்திருந்தால், ஆஸ்துமா இருந்தால், அதுதான் கட்டாயம் சொல்ல வேண்டியது. கர்ப்பம் என்றாலும் சந்தேகம் என்றாலும் சொல்லுங்கள்.

அயடீன் மருந்து ஏறும்போது உடம்பு முழுக்கச் சூடாகும். வாயில் உலோகச் சுவை வரும். சிறுநீர் போய்விட்டது போன்ற உணர்வும் வரலாம். அது உணர்வு மட்டும்தான். சில விநாடிகளில் போய்விடும். இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால் வெட்கத்திலும் பயத்திலும் அழுததாக ஒரு வயதான தாய் என்னிடம் சொன்னார்.

படத்துக்குப் பிறகு

அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். கிளினிக்கில் சில வேளை சிங்களத்தில் விளக்குவார்கள். இரண்டு மொழிகளைக் கடந்து எம்மிடம் வந்து சேர்வது ‘ஒண்டுமில்லை’ என்ற ஒரு சொல். அங்கே மூன்று கேள்விகளைக் கேளுங்கள், அல்லது எழுதிக் கொண்டுபோங்கள். இந்தப் படத்தில் எது இல்லை என்று உறுதியாயிற்று? நோவுக்கு இனி என்ன சிகிச்சை? எந்த மாற்றம் வந்தால் உடனே திரும்பி வர வேண்டும்? கால் திடீரெனப் பலவீனமடைவது, மலசலம் கட்டுப்பாடின்றிப் போவது, காய்ச்சலோடு முதுகு நோவு, காரணமின்றி உடம்பு மெலிவது ஆகியவை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்.

இரண்டாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. ஸ்கான் முடிந்ததும் சிகிச்சையும் முடிந்துவிட்டது போல அனுப்பிவிடுகிறார்கள். உண்மையில் படம் சுத்தமாக இருப்பது, பயமின்றி உடற்பயிற்சியைத் தொடங்குவதற்கான அனுமதி. உடற்பயிற்சிச் சிகிச்சை, நரம்பு நோவுக்கென உள்ள குளிசைகள், நித்திரையைச் சரிசெய்வது, உளநல ஆலோசனை ஆகியவை நாட்பட்ட நோவில் பயன் தருபவை. இவற்றுக்குக் கடோலினியம் தேவையில்லை. உளநலப் பிரிவுக்குத் துண்டு எழுதித் தந்தால் அதை அவமானமாக எடுக்காதீர்கள். நரம்பு மண்டலத்தின் கூர்மையைத் தணிக்க அதுவும் ஒரு வாசல்.

வைத்தியர்களிடமும் ஒரு வேண்டுகோள். ‘ஒன்றுமில்லை’ என்பதற்குப் பதிலாக, ‘ஆபத்தானது எதுவும் படத்தில் இல்லை, உங்கள் நோ உண்மையானது, அதற்குரிய சிகிச்சையைத் தொடங்குவோம்’ என்று சொல்ல அரை நிமிடம் போதும். ஆலங்குடாவிலும் முல்லைத்தீவிலும், ஊர் திரும்பியவர்களின் மன்னார்க் கிராமங்களிலும் அந்த அரை நிமிடத்துக்காகப் பலர் வருடக்கணக்கில் கிளினிக் வரிசையில் நிற்கிறார்கள்.